இறக்கை ஏன் சரியாக உட்காரவில்லை?

திருத்தணி, அரக்கோணம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தத்தில் பேதம் தெரியும். அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் 1992 மார்ச்சில் தொடங்கியது. கோவாவில் 1988 முதல் இருந்த டியூ-142 என்ற ரஷ்ய ரோந்து விமானங்கள் இங்கே இடம் மாறி வந்து, 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெறும்வரை இந்தப் பக்கத்து வானத்தில்தான் பறந்தன. நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள். எஞ்சின் ஒன்றுக்குச் சுமார் 15,000 குதிரைத்திறன். 2013-ல் வந்த போயிங் பி-8ஐ பயணிகள் விமானமான 737-இன் உறவுக்காரன். டியூ-142-க்கு முன்னால் அதன் சத்தம் பரம சாது.

அந்த டியூ-142-ஐ மேசைமேல் செய்து வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சீனாவின் ட்ரம்பீட்டர் நிறுவனம் இந்தக் குடும்பத்து விமானங்களை 1/72 அளவில் பிளாஸ்டிக் கிட்டுகளாக வெளியிட்டிருக்கிறது. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் வருவதுதான் 1/72. நிஜத்தில் முனைக்கு முனை 50 மீட்டர் நீளும் இறக்கை 69 சென்டிமீட்டர் ஆகிவிடும். 53 மீட்டர் உடல் 74 சென்டிமீட்டர். எந்த நிறுவனத்தின் கிட், எந்த விமானம் என்பதெல்லாம் இருக்கட்டும். பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்டியெடுத்து, இறக்கையை உடலில் செருகிப் பார்க்கும்போது பல பேருக்கும் ஒரே அனுபவம்தான்: கீழ்ப்பக்கம் ஒட்டி நிற்கிறது, மேல்பக்கம் அரை மில்லிமீட்டர் வாய் பிளந்திருக்கிறது. நம் டிங்கரிங் பட்டறைகளில் சொல்வதுபோல், "சரியா உக்காரல."

அரை மில்லிமீட்டர் பெரிதா? 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 36 மில்லிமீட்டர். நிஜ விமானத்தில் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே கைவிரல்களை நுழைத்துவிடலாம். அப்படிப்பட்ட விமானத்தில் யாரும் ஏற மாட்டார்கள்.

இந்த இடத்தில் அநேகர் செய்வது, இடைவெளியை மூடப் பட்டியை எடுத்து அப்புவது. பட்டி என்பது கடைசி வேலை என்பதுதான் என் கட்சி. அந்த இடைவெளி தானாக வரவில்லை. பிளாஸ்டிக் சூடாகி, அழுத்தப்பட்டு, ஆறிய வரலாறு அதில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்காமல் மூடினால் அது வேறோர் இடத்தில், வேறொரு நாளில் திறந்துகொள்ளும்.

முதலில் நம் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா, ஒன்று சற்றே விலகியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் மனிதக் கண் அபாரமானது. வெர்னியர் கூர்மை என்று இதற்குப் பெயர். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் விநாடி. நல்ல வெளிச்சத்தில் சுமார் 10 ஆர்க் விநாடி விலகலைக்கூடக் கண் பிடித்துவிடும். விழித்திரையின் மையத்தில் ஒளியுணரும் செல்கள் ஒன்றுக்கொன்று இருக்கும் தூரமே சுமார் 30 ஆர்க் விநாடிக்குச் சமம். அதைவிட நுட்பமாக நாம் பார்க்கிறோம் என்றால், பல செல்களின் தகவலை மூளை சேர்த்துக் கணக்குப் போடுகிறது என்று அர்த்தம். மாடலைக் கையில் எடுத்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் பார்த்தால் 10 ஆர்க் விநாடி என்பது சுமார் 0.012 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு. மூட்டில் ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் நிற்கும் படியைக் கண் ஏன் விடாமல் உறுத்திக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். விரல் இன்னும் கெட்டிக்காரன். 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், 13 நானோமீட்டர் உயர நெளிவுகள் உள்ள பரப்பையும் வழவழப்பான பரப்பையும் மனிதர்கள் தடவியே பிரித்துச் சொன்னார்கள். மூட்டைச் சோதிக்கக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுவதில் அறிவியல் இருக்கிறது.

இனி அந்த இடைவெளி பிறந்த இடத்துக்குப் போவோம். கிட்டுகளில் பெரும்பாலும் பயன்படுவது பாலிஸ்டைரீன். 200 முதல் 250 டிகிரி வரை சூடாக்கி உருக்கி, பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்துகிறார்கள். அச்சு குளிர்ந்திருக்கும். உள்ளே போன பிளாஸ்டிக் சில விநாடிகளில் உறைந்து, கூடவே சுருங்கும். பாலிஸ்டைரீனின் சுருக்கம் 0.4 முதல் 0.7 சதவீதம். இது குறைவுதான். பக்கெட், குடம் செய்கிற பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் எல்லாம் ஆறும்போது அவற்றின் மூலக்கூறுகள் ஓரளவு படிக ஒழுங்கில் அடுக்கிக்கொள்வதால் இதைவிடப் பல மடங்கு சுருங்கும். பாலிஸ்டைரீன் அப்படி அடுக்கிக்கொள்வதில்லை, கலைந்தபடியே உறைகிறது. கிட்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று ஒட்டும் வசதி, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுருங்கும் என்று தெரிந்தே அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுகிறார்கள். எல்லாப் பாகமும் ஒரே அளவு சுருங்கினால் சிக்கலே இல்லை. ஆனால் தடித்த இடம் மெதுவாக ஆறும், அதிகம் சுருங்கும். பிளாஸ்டிக் நுழையும் வாயருகே அழுத்தம் அதிகம், அங்கே சுருக்கம் குறைவு. கடைக்கோடியில் அழுத்தம் குறைவு, சுருக்கம் கூடுதல். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு பாகங்களில் ஒன்று 0.4 சதவீதமும் மற்றது 0.6 சதவீதமும் சுருங்கியிருந்தால் வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர். நம் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் முக்கால்வாசி வந்துவிட்டது, யாரும் எந்தத் தவறும் செய்யாமலே.

வளைவும் இதே கணக்குதான். ஒரு தகட்டின் ஒரு முகம் சீக்கிரம் ஆறி, மறுமுகம் மெதுவாக ஆறினால், தாமதமாக ஆறிய பக்கம் அதிகம் சுருங்கித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இறக்கைப் பாதிகள் வாழைமட்டைபோல் குழிந்து வருவது இதனால்தான். உட்புறம் பாகங்களை நேர்ப்படுத்தும் முளை இருக்கும் இடத்துக்கு நேராக வெளிப்பரப்பில் சின்னக் குழி விழுந்திருக்கும். முளையால் அங்கே தடிமன் கூடி, அது உள்ளே உறையும்போது மேல்தோலை உள்வாங்கியிருக்கிறது. அச்சின் இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பு தேய்ந்திருந்தால் அந்த இடுக்கில் கசிந்து உறைந்த மெல்லிய தோல்தான் பிசிறு.

பழைய அச்சுகளில் பிசிறு அதிகம். இங்கே கொஞ்சம் வரலாறு. 1/72 அளவில் முதல் பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை 1936-ல் கொண்டுவந்தது இங்கிலாந்தின் ஃப்ராக் நிறுவனம், பென்குயின் என்ற பெயரில். அவை பாலிஸ்டைரீன் கிடையாது, செல்லுலோஸ் அசிடேட். அதில் கலந்த மென்மையாக்கிகள் காலப்போக்கில் வெளியேறிவிடுவதால் இன்று மிஞ்சியிருப்பவை முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. 1970-களில் ஃப்ராக்கின் அச்சுகள் பல சோவியத் நாட்டுக்குப் போய் நோவோ என்ற பெயரில் கிட்டுகளாக வெளிவந்தன. ஓர் அச்சுக்கு ஆயுள் நீளம். கை மாறும், நாடு மாறும், தேயும். இங்கிலாந்தின் இன்னொரு நிறுவனமான ஏர்ஃபிக்ஸின் கிட்டுகள் கொஞ்ச காலம் இந்தியாவில் வார்க்கப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெட்டிகளின் ஓரத்தில் இந்தியத் தயாரிப்பு என்றே அச்சிட்டிருக்கும். ஸ்பிட்ஃபயர் என்ற இங்கிலாந்துப் போர் விமானத்தின் கிட் நம் நாட்டில் வார்க்கப்பட்டு, இங்கிலாந்துக்குப் போய், பெட்டியில் திரும்பவும் இங்கே வந்து இறக்குமதி விலையில் விற்றதை என்னவென்று சொல்வது. குறைந்த எண்ணிக்கைக்காக மென்மையான உலோகத்தில் வெட்டப்படும் அச்சுகள் இன்னொரு வகை. செக் நாட்டுச் சிறு நிறுவனங்கள் பலவும் இப்படித்தான் அபூர்வமான விமானங்களைப் போடுகின்றன. அவற்றில் பாகங்களை நேர்ப்படுத்தும் முளைகளே பெரும்பாலும் இருக்காது. எல்லாம் கண் அளவுதான்.

கிட்டைத் திறந்ததும் முதல் வேலை, பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது. மாஸ்கிங் டேப்பில் பாகங்களைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் இடைவெளியில் ஒளி கசியும். அந்த ஒளி சொல்வதைக் கவனியுங்கள். ஒரே அகலத்தில் கசிந்தால் ஏதோ ஒன்று தடுத்து நிறுத்துகிறது: வெட்டியெடுத்த இடத்தில் மிஞ்சிய குமிழ், பிசிறு, துளைக்குத் தடித்துப்போன முளை. ஒரு முனையில் மட்டும் அகலமாகக் கசிந்தால் வளைவு. இரு முனையும் மூடி நடுவில் கசிந்தால் விளிம்பு நேராக இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பட்டி மூன்றையும் ஒரே மாதிரி மறைக்கும், அதனால்தான் அது மோசமான மருத்துவர்.

தடுப்பதை எடுப்பது சுலபம். முளைகள் இடம் தப்பியிருந்தால் தயங்காமல் வெட்டிவிடலாம். முளை இருப்பது நம் வசதிக்காக. நம்மைக் கட்டிப்போட அதற்கு உரிமை இல்லை. விளிம்புகள் பெரும்பாலும் முழுச் செங்குத்தாக இருக்காது. அச்சிலிருந்து பாகம் கழன்று வர வேண்டும் என்பதற்காகச் சுவர்களுக்கு ஓரிரு டிகிரி சாய்வு கொடுப்பார்கள். அந்தச் சாய்வால் இரண்டு விளிம்புகளும் ஓரத்தில் மட்டும் தொட்டு, மறு ஓரத்தில் விலகி நிற்கும். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, உடலின் பாதியை அதன்மேல் வைத்து எட்டு வடிவில் தேய்த்தால் விளிம்பு சமதளமாகும். அளவோடு தேய்க்க வேண்டும். இரண்டு பக்கமும் 0.2 மில்லிமீட்டர் போனால் உடலின் அகலம் 0.4 குறைந்துவிடும், விமானி அறையின் கண்ணாடி மூடி அதன்மேல் அகலமாக நிற்கும். ஒரு மூட்டைச் சரிசெய்வது என்பது பல நேரங்களில் தவறை அடுத்த மூட்டுக்குத் தள்ளிவிடுவதுதான். ஆகவே எங்கே தள்ளுவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். அனுபவசாலிகள் மேலே தெரியும் மூட்டைக் கச்சிதமாக்கி, மிச்சத்தை வயிற்றுப் பக்கம் அனுப்புகிறார்கள். இறக்கையின் மேல்பாதியை மட்டும் முதலில் உடலோடு ஒட்டிவிட்டு, கீழ்ப்பாதியைப் பிறகு சேர்ப்பதும் அதற்காகத்தான். இறக்கை சேரும் இடத்தில் மேலே இடைவெளி என்றால், உடலுக்கு உள்ளே சட்டத்தின் ஒரு துண்டைக் குறுக்கே முட்டுக் கொடுத்து உடலைப் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தினால் போதும், இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். ஒரு சொட்டுப் பட்டிகூடத் தேவையில்லை. எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது.

வளைவுக்கு வைத்தியம் சூடு. பாலிஸ்டைரீன் 100 டிகிரியை ஒட்டி கண்ணாடித் தன்மையிலிருந்து ரப்பர் தன்மைக்கு மாறுகிறது. அதற்குக் கீழே மூலக்கூறுச் சங்கிலிகள் உறைந்து கிடக்கும். அதை நெருங்கினால் மெல்ல நகர ஆரம்பிக்கும். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் வளைந்த இறக்கையை வைத்து, நேராக்கிப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த நீரில் முக்கினால் புதிய வடிவத்தில் உறைந்துவிடும். கொதிக்கிற நீரிலேயே போட்டுவிட்டால் வேறு விளைவு. அச்சுக்குள் அவசரமாகப் பாய்ந்தபோது பாய்ந்த திசையில் நீட்டப்பட்டு உறைந்த சங்கிலிகள், விடுதலை கிடைத்ததும் சுருண்டுகொள்ளும். மெல்லிய பாகங்கள் நெளிந்துபோகும்.

சூடு காட்டாமல் பலவந்தமாக நெருக்கி, துணிக் கிளிப்பும் ரப்பர் பேண்டும் போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. இதில் இரண்டு ஆபத்து. இழுவிசையில் இருக்கும் பாலிஸ்டைரீன்மேல் கரைப்பான் பட்டால், வெறும் இழுவிசையில் உடையாதது மயிரிழை விரிசல்களாகப் பிளக்கத் தொடங்கும். அப்படியே தப்பினாலும் அந்த இழுவிசை பாகத்துக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் தமிழ்நாட்டின் வெப்பப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி மேலே வரும் ஊர், 40 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை. ஓட்டு வீட்டின், தகரக் கூரையின் அடியில் இன்னும் கூடும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தன் பழைய வடிவத்துக்கு நழுவும், மூட்டு ஒரு நாள் பிரிந்து நிற்கும்.

நிஜ விமானத் தொழிலும் இந்தப் பிரச்சினையிலிருந்து தப்பவில்லை. போயிங் 787 விமானத்தின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆன பெரிய உருளைகளாகச் செய்யப்பட்டு ஒன்றோடொன்று இணைக்கப்படுகிறது. இணையும் இடத்தில் 0.005 அங்குலம், அதாவது 0.127 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அதற்கேற்ற தடிமனில் ஷிம் என்ற மெல்லிய தகட்டைச் செருகி நிரப்ப வேண்டும். 2020 ஆகஸ்டில், ஷிம்களின் அளவு சரியில்லாததும் உட்பரப்பு சமமாக இல்லாததும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்த 8 விமானங்களைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். தொடர்ந்து வேறு குறைகளும் தெரியவர, 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை புதிய 787-களை ஒப்படைப்பதே நின்றுபோனது. 2024-ல் ஒரு பொறியாளர் அமெரிக்க செனட் துணைக்குழு முன்னால், பொருந்தாத பாகங்களைப் பலம் கொடுத்து நெருக்கிப் பொருத்துகிறார்கள், அதனால் பின்னாளில் பொருள் களைப்படையும் என்று சொன்னார். போயிங் அதை மறுத்தது. தன் சோதனைகளில் அப்படிக் களைப்பு தெரியவில்லை என்றது. யார் சரி என்பது ஒருபுறம் இருக்க, நெருக்கிப் பிடித்த மூட்டுக்குள் விசை தங்கிவிடுகிறது என்ற பயம் நம் துணிக் கிளிப்புக்கும் பொருந்தும். 787-இன் அந்த 0.127 மில்லிமீட்டரை 1/72 மாடலுக்குச் சுருக்கினால் 2 மைக்ரானுக்கும் குறைவு. அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை.

இப்போது பசை. மாடல் பசை உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்றவை. பாலிஸ்டைரீனின் ஒவ்வொரு மூலக்கூறும் சுமார் 2000 ஸ்டைரீன் அலகுகள் கோத்த நீளச் சங்கிலி. அவை இடியாப்பத்தின் இழைகள்போல் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. கரைப்பான் உள்ளே புகுந்ததும் இழைகள் விலகித் தளர்ந்து, இரண்டு பாகங்களின் விளிம்பிலிருந்தும் எல்லை தாண்டி எதிர்ப்பக்கம் ஊர்ந்து போகும். கரைப்பான் ஆவியானபின் அவை புதிய சிக்கலில் உறைந்துவிடும். அதன்பிறகு எல்லை என்று ஒன்று இல்லை. இரண்டும் ஒரே பிளாஸ்டிக். நெரிசலில் சிக்கிய நீளச் சங்கிலி பக்கவாட்டில் போக வழியின்றித் தன் நீளவாக்கிலேயே ஊர்ந்து வெளியேறும் என்ற கோட்பாட்டை 1971-ல் சொன்னவர் பிரான்சின் பியர் ழீல் டி ஜென். பாலிமர்கள், திரவப் படிகங்கள் பற்றிய பணிக்காக 1991-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. படிக ஒழுங்குள்ள பாலிஎதிலீனுக்குள் கரைப்பான் இப்படிப் புக முடியாது, அதனால்தான் உடைந்த பக்கெட்டை இந்த வகைப் பசையால் உருப்படியாக ஒட்ட முடிவதில்லை.

நீர்த்த வகைப் பசையைத் தூரிகையால் மூட்டில் தொட்டால் போதும், நுண்புழை விசையால் இடுக்கு முழுக்க ஓடிவிடும். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக இழுக்கும். 0.05 மில்லிமீட்டர் இடுக்கில் இந்தத் திரவம் 10 சென்டிமீட்டருக்கு மேலும் ஏறும். அரை மில்லிமீட்டரில் ஒரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அகலமான இடைவெளியில் நீர்த்த பசை தோற்பதற்குக் காரணம் இழுவைக் குறைவு மட்டும் இல்லை, அங்கே ஊர்ந்து வந்து கைகோக்க எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்டிக்கே கிடையாது. அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். அக்னி நட்சத்திர மதியத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் தூரிகை மூட்டைத் தொடும் முன்பே காய்ந்துவிடும், மேல்தோல் மட்டும் ஒட்டி உள்ளே ஒட்டாமல் நிற்கும். விடிகாலை நல்லது. விசிறி வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்த ஆவிகள் தலைவலி தரும், தீப்பற்றும். சின்னப் பிள்ளைகள் கையில் இதைத் தனியே கொடுக்கக் கூடாது.

எல்லாம் செய்தும் இடைவெளி மிஞ்சினால் முதலில் பிளாஸ்டிக்கையே வையுங்கள். பாலிஸ்டைரீன் தகட்டை ஆப்பாகச் சீவிச் செருகிக் கரைப்பானால் ஒட்டினால் அது ஷிம். குறுகலான இடத்துக்கு, சட்டத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சூட்டில் இளக்கி இழுத்தால் கிடைக்கும் நூல். இன்னும் குறுகலுக்கு, சட்டத் துண்டுகளைப் பசைப் புட்டியில் கரைத்து எடுத்த கூழ். மூன்றும் ஒரே பொருள் என்பதால் தேய்க்கும்போது ஒரே கடினத்தில் தேயும். மேடு பள்ளம் வராது.

பட்டியின் முறை இப்போதுதான். திருப்பதி சாலையில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் டிங்கரிங் பட்டறைகளில் லாரிக்கும் காருக்கும் பட்டி பார்ப்பவர்களைக் கவனித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும். மெல்லிசாக இழுப்பார்கள், காய விடுவார்கள், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்கள், மறுபடி இழுப்பார்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டி நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகித்தான் அது இறுகும். போன கரைப்பானின் கன அளவுக்கு அது சுருங்கியாக வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே மிஞ்சிய கரைப்பான் பல நாள் கழித்து வெளியேறி, நடுவில் குழி விழும். அந்தக் கரைப்பான் பாலிஸ்டைரீனையும் கடிக்கும். பிடிப்புக்கு அது நல்லது, மெல்லிய தகட்டுக்குக் கெடுதல். ஹார்டனர் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் குறைவு. குழாய்க் கசிவுக்கு வாங்கி வைத்த எம்-சீல் எப்பாக்ஸி வகை. இரண்டு உருண்டைகளைப் பிசைந்தால் சங்கிலிகள் குறுக்கே பின்னிக்கொள்ளும், எதுவும் ஆவியாவதில்லை, பெரிய பள்ளத்துக்கு உகந்தது. ஈர விரலால் நீவி வழவழப்பாக்கலாம். ஆனால் அது பாலிஸ்டைரீனோடு கலப்பதில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓரங்களை மெல்லிசாகத் தேய்த்தால் உதிரும்.

ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசைகளுக்குக் கதை வேறு. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக்கில் ஹாரி கூவர் 1942-ல் போர்க்காலத் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது இந்த ரசாயனக் குடும்பம் எதிலும் ஒட்டிக்கொள்கிறதென்று ஒதுக்கிவைத்தார்கள். 1958-ல் அதே குணத்துக்காகப் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரம்தான் அதை இறுகச் செய்கிறது. இடைவெளியில் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டால் அதன் காரத்தன்மை வினையைத் தூண்டி, நொடியில் கல்லாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, பிளாஸ்டிக் தேய்ந்துபோய் அது மட்டும் மேடாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து பக்கத்துப் பரப்பில் வெள்ளைப் பூசணம்போல் படியும். கண்ணாடி மூடி அருகில் இருந்தால் அது பாழ்.

தேய்ப்பதில் அறிவு இருக்கிறது. 400 எண் உப்புத்தாளின் துகள் சுமார் 35 மைக்ரான், 1000 எண்ணில் 18, 2000 எண்ணில் 10. நம் கண் பிடிக்கும் எல்லை 12 மைக்ரான் என்று பார்த்தோம். 400-ல் ஆரம்பித்து 2000 வரை படிப்படியாகப் போவதன் பொருள் இதுதான், கீறலைக் கண்ணின் எல்லைக்குக் கீழே இறக்குவது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பழைய ஆழக் கீறல் அப்படியே இருக்கும். தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும். உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகித் தாளில் அப்பிக்கொள்ளாது, தூளும் மூச்சில் ஏறாது.

இதன்பிறகு பொறுமை. மூட்டுக்குள் புகுந்த கரைப்பான் முழுதும் வெளியேறப் பல நாள் ஆகும். அதுவரை மூட்டு சற்றே உப்பியிருக்கும். அவசரப்பட்டு அந்த உப்பலைச் சமமாகத் தேய்த்து வண்ணமும் அடித்துவிட்டால், கரைப்பான் போனபின் அந்த இடம் வற்றி, வண்ணத்தின் அடியில் மெல்லிய கோடு மறுபடி முளைக்கும். ஒட்டிய மூட்டை ஒரு வாரம் தொடாமல் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு பூசிப் பாருங்கள். பிளாஸ்டிக், பட்டி, பசை என்று மூன்று நிறமாக இருந்தது ஒரே நிறமாகும்போது, அதுவரை நிற வித்தியாசத்தில் ஒளிந்திருந்த படியும் குழியும் நிழலாகத் தெரியும். பிரைமரை மழை நாளில் அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்து, பூச்சு வெளுத்துவிடும்.

கடைசியாக, எல்லா இடைவெளியும் குற்றம் இல்லை. இறக்கையின் பின்னோரத்தில் அசையும் தகடுகளைச் சுற்றியும் வால் சுக்கான் ஓரத்திலும் நிஜ விமானத்திலேயே இடைவெளி உண்டு. அங்கே பட்டி வைத்தால்தான் பிழை. எது எந்த வகை என்று அறிய நிஜ விமானத்தைப் பார்ப்பதே வழி. டியூ-142 ஒன்று 2017 டிசம்பர் முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பெங்களூரில் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் 1961-ல் முதன்முதலாகப் பறந்த மாருத் ரகப் போர் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இப்படிப்பட்ட இடங்களில் முன்பக்கப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், இறக்கை உடலைத் தொடும் இடத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. தேய்த்ததில் மாடலின் தகட்டுக் கோடுகள் சில அழிந்துபோயிருக்கும். அவற்றைத் தடித்த ஒட்டுத்தாளை விளிம்பாக வைத்து, தையல் ஊசியை ஒரு குச்சியில் செருகி, அழுத்தாமல் நாலைந்து முறை இழுத்து மறுபடி கீறிக்கொள்ள வேண்டும். ஆப்ப சோடா போட்ட மூட்டின் குறுக்கே கோடு வரும் இடத்தில் மட்டும் ஊசி வழுக்கும். அங்கே கை இன்னும் மெதுவாகப் போகட்டும்.